760 வெள்ளி அறைக்குள் அம்மா

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதும் என் அம்மாவோடு ஹோட்டலில் தங்குவதும் ஒன்றுதான். நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவோம். அவர் கண் மட்டும் வேலை நடக்கிற இடத்திலேயே இருக்கும். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வருவதற்கு முன்னால் அம்மா மலேசியாவின் பினாங்குத் தீவில், பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர்.

அந்த வேலைக்கு அவர் போனதே ஒரு பினாங்குக் கதைதான். 1969இல் பினாங்கின் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதி பறிபோனது. துறைமுகத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வேலை இல்லை. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது, மின்னியல் தொழிற்சாலைகள் வந்தன. அதே எழுபதுகளில் வடக்குக் கரையில் கடற்கரை ஹோட்டல்கள் எழும்பின. அம்மாவின் கூட்டாளிகளில் பாதிப் பேர் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மயிரிழைக் கம்பி ஒட்டுகிற வேலை அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. "தலவலிதான் மிச்சம்" என்று அந்தப் பக்கமே போகாமல் ஹோட்டலுக்குப் போய்விட்டார். தள்ளுவண்டி, இடுப்பில் மாஸ்டர் சாவி, மாடி முழுக்க அவர் ராஜ்ஜியம். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கட்டிலில் விரிப்பு சுருங்கியிருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

எழுபது வயது நிறைகிறதே, என்ன வேண்டும் என்று கேட்டேன். நகை வேண்டாம், புடவை வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து, சமையலறையிலிருந்தே சொன்னார்: "எத்தன ஆயிரம் பெட்டு போட்டிருப்பேன். ஒண்ணுலகூடப் படுத்ததில்ல."

அதற்கு மேல் என்ன யோசனை? பினாங்கில் ஓர் இரவு என்று முடிவானது.

அம்மா வேலை பார்த்த இடத்துக்கே போயிருக்கலாம். அவர்தான் வேண்டாம் என்றார். தெரிந்த முகம் யாராவது இன்னும் இருந்தால் கூச்சமாக இருக்குமாம். ஆகவே அதே வடக்குக் கரையில் இன்னொரு ஹோட்டல். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரே ஹோட்டலின் கோளாறு மாதிரி இதைப் படித்துவிட்டு, அடுத்த ஹோட்டலில் நிம்மதியாக பணம் கட்டுவீர்கள், அதனால்தான்.

இணையத்தில் காட்டிய விலை 640 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். பக்கத்தில் எறும்பு சைஸில் இரண்டு கூட்டல் குறி. நம் ஊரில் சாப்பிடப் போனாலும் தங்கப் போனாலும் இந்தக் குறிகளைப் பார்க்காமல் கார்டை நீட்டக் கூடாது. முதல் கூட்டல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது அரசாங்கத்தின் சேவை வரி; அறை வாடகைக்கு அது 2024 மார்ச்சில் 6இலிருந்து 8 விழுக்காடாக ஏறியது. அதற்கு மேல் பினாங்கு மாநிலம் 2014இல் கொண்டுவந்த உள்ளூர்க் கட்டணம் ஒன்று உண்டு, நான்கு ஐந்து நட்சத்திர ஹோட்டலென்றால் அறைக்கு ஓர் இரவுக்கு 3 வெள்ளி. ஆக மொத்தம் 758 வெள்ளி சொச்சம். இந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் தொண்டை அடைக்கும். அம்மாவிடம் விலையைச் சொல்லவில்லை.

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி. பாலம் இருக்கும்போது ஃபெர்ரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அம்மாவிடம் பதில் கிடையாது, முறைப்புதான் கிடைக்கும்.

ஹோட்டல் முகப்புக்கூடம் பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மாடி உயரக் கூரை, தாமரை மிதக்கிற கல் தொட்டி, நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற எலுமிச்சைப்புல் வாசனை. அந்த வாசனை தொட்டியிலிருந்து வரவில்லை. குளிர்காற்றுக் குழாய் வழியாக எந்திரம் வைத்துப் பரப்புகிறார்கள். பெரிய ஹோட்டல்களில் இப்போது இது வழக்கம்தான். சுவர் நிறைய பழைய பினாங்கின் கறுப்பு வெள்ளைப் படங்கள். பினாங்குக்கு ஹோட்டல் பெருமை புதிதல்ல. ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1885இல் ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டலை நிலைநாட்டினார்கள். 1887இல் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ், 1901இல் ரங்கூனின் ஸ்ட்ராண்ட் எல்லாம் அதே குடும்பத்தின் கைவரிசை. நாங்கள் போனது அது இல்லை, அந்தக் காலத்துக் கட்டடமும் இல்லை. ஆனால் அந்தக் காலத்துப் படங்களை வாங்கிச் சுவரில் மாட்ட யார் தடை சொல்ல முடியும்?

பதிவு மேசையில் இருந்த சீனப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, சுற்றுலா வரி 10 வெள்ளி தனி என்றார். 2017இல் வந்த அந்த வரி வெளிநாட்டவருக்கு மட்டும்தான். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. எங்களைப் பார்த்தால் சென்னையிலிருந்து இறங்கியவர்கள் மாதிரி இருந்தோமோ என்னவோ. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஐசியை, அதாவது அடையாள அட்டையை, மேசையில் வைத்து, பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியனில் நாலு வார்த்தை பேசினார். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு, "ஆண்ட்டி, ஆண்ட்டி" என்று ஒரே உபசாரம். வரி மறைந்தது. 200 வெள்ளி வைப்புத்தொகை மட்டும் மறையவில்லை. ரொக்கமாகவே கட்டினேன். டெபிட் கார்டில் பிடித்தால் திரும்பி வர நாள் கணக்காகும்.

அறைக் கதவைத் திறந்ததும் எலுமிச்சைப்புல் முடிந்துவிட்டது. ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த நாற்றம். அதற்கு அடியில் இன்னொன்று, லேசாக, சாக்கடை.

கடல் தெரியும் அறை என்று காசு கட்டியிருந்தேன். தெரிந்தது. கார் நிறுத்துமிடத்தின் தகரக் கூரைக்கும் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, தலையைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு கீற்று நீலம். இணையத்தில் இருந்த படத்தை எந்த ஜன்னலில் நின்று எடுத்தார்களோ!

நான் கோபத்தோடு தொலைபேசியைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா வேலையை ஆரம்பித்துவிட்டார். பையைக் கூட கீழே வைக்கவில்லை. முதலில் கட்டில். கால்மாட்டில் விரிப்பு மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். மூலையில் நாற்பத்தைந்து டிகிரியில் மடித்து, மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகியிருந்தது. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். "நல்லா போட்டிருக்கா" என்றார். கண்ணாடி டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சுழற்றினார், கறை இல்லை. குளியலறைக் கண்ணாடியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார், துடைத்த கோடு தெரிகிறதா என்று. அதுவும் இல்லை. கட்டில் தலைமாட்டுப் பலகையின் மேல் விளிம்பில் விரலை ஓட்டி, விரலை என்னிடம் காட்டினார். சுத்தம்.

படுக்கையின் குறுக்கே அலங்காரத்துக்குப் போட்டிருந்த பழுப்புத் துணியை மட்டும் இரண்டு விரலால் தூக்கி நாற்காலிக்கு மாற்றினார். "இத ஒவ்வொரு ஆளுக்கும் துவைக்க மாட்டாங்க. அப்பவும் இல்ல, இப்பவும் இருக்காது." கூடவே இருந்த குட்டி மெத்தைத் தலையணைகளும் அங்கேயே போயின. பிறகு கைப்பையிலிருந்து தன் பாத்தேக் கைலியை எடுத்து தலையணை மேல் விரித்துக்கொண்டார். 

"அப்ப நாத்தம் எங்கேர்ந்து வருதும்மா?"

"பொறு."

குளியலறைக்குள் போனார். பின்னாலேயே நானும் போனேன். தரையில் இரண்டு வடிகால் ஓட்டைகள். ஷவருக்குக் கீழே ஒன்று, கழிவுத்தொட்டிக்குப் பக்கத்தில் மூலையில் ஒன்று. அம்மா அந்த மூலை ஓட்டையின் சல்லடை மூடியைக் கைப்பேசி விளக்கை அடித்துக் காட்டச் சொன்னார். மூடியின் ஓரத்தில் கறுப்பு, துளைக்குள் காய்ந்த தூசி. தண்ணீர் மினுக்கம் கொஞ்சமும் இல்லை. "வரண்டு கிடக்கு பாரு" என்றார்.

விஷயம் இதுதான். தரை வடிகாலுக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். கீழே சாக்கடைக் குழாயிலிருந்து மேலே வரும் காற்றை அந்தத் தண்ணீர்தான் அடைத்து நிறுத்துகிறது. சில வாரம் அந்த வழியாகத் தண்ணீர் போகாவிட்டால் வளைவில் நின்றது ஆவியாகிவிடும், அப்புறம் சாக்கடைக்கும் அறைக்கும் நடுவே வெறும் சல்லடைதான். ஷவர் ஓட்டைக்கு இந்தப் பிரச்சினை வராது, யாராவது குளித்துக்கொண்டே இருப்பார்கள். மூலை ஓட்டைக்கு யாராவது நினைவு வைத்து ஊற்றினால்தான் உண்டு. அம்மா காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள் ஆள் தங்காத அறைகளில் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, எல்லா ஓட்டையிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு வர வேண்டுமாம். சூப்பர்வைசர் பட்டியலில் அது ஒரு தனி வரி.

குப்பைக்கூடையிலிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு, கூடையை வாளியாக்கித் தண்ணீர் பிடித்து அந்த ஓட்டையில் மெதுவாக ஊற்றினார். குடக் குடக் என்று காற்று வெளியேறும் சத்தம் கேட்டது. இரண்டாவது கூடை. கூடையைத் துடைத்து, உறையைத் திரும்பப் போட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் சாக்கடை நாற்றம் போய்விட்டது. 758 வெள்ளி கட்டி வந்த விருந்தாளி, பிறந்த நாள்காரர், செய்து முடித்த வேலை அது.

ஈர நாற்றம் போகவில்லை. அதற்குக் குப்பைக்கூடை வைத்தியம் இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும். ஜன்னலுக்குக் கீழே சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பூப்போட்ட சுவர்த்தாள் பொருமிக்கொண்டு நின்றது; அழுத்தினால் உள்ளே நசநசவென்று ஈரம். ஓரத்தைச் சற்றுப் பிரித்தால் பின்பக்கம் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம்.

நம் பக்கத்துக் காற்றின் ஈரம் அப்படி. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கும் ஒரு சாதாரண நாளில், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேல் அந்தக் காற்று பட்டாலும் வியர்க்கும். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பதும் இதே கணக்குதான். அறையை 20இல் வைத்திருக்கிறோம். குளியலறை விசிறி அறைக் காற்றை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. இழுத்த அளவுக்கு உலர்ந்த காற்றை உள்ளே அனுப்பும் ஏற்பாடு சரியில்லை என்றால், ஜன்னல் இடுக்கு, சுவர் விரிசல் எல்லாவற்றின் வழியாகவும் வெளிக்காற்று உள்ளே வரும். வந்து குளிர்ந்த சுவரில் படும், நீராகும். சுவர்த்தாள் பிளாஸ்டிக் பூசியது, அந்த ஈரம் காய வழியே இல்லை. இதில் கதவோரம் சாவி அட்டையைச் செருகினால்தான் குளிர்சாதனம் ஓடும் என்ற ஏற்பாடு வேறு. ஆள் வெளியே போனதும் எந்திரம் நின்று அறை புழுங்கும், வந்ததும் மறுபடி குளிரும். இந்த ஈரத்தில், கடற்கரையோர அறைக்குத் தரைவிரிப்புப் போட்டவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் கையில் கிடைப்பார்.

இப்போதெல்லாம் அறை பிடிக்கும் முன் விருந்தினர் எழுதிய கருத்துகளில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்களை நான் படிப்பதில்லை. அவர்கள் நீச்சல்குளத்தைப் பார்த்தே கவிழ்ந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று போட்டவர்களிடம் போய் 'ஈரம்', 'வாடை', 'கார்ப்பெட்' என்று எந்த மொழியிலாவது வருகிறதா என்று தேடுவேன். ஒரே மாதத்தில் வேறு வேறு ஆள் அதையே சொன்னால் அது சுவர் சமாச்சாரம். நட்சத்திரத்தை அதிகாரபூர்வமாகக் கொடுப்பது சுற்றுலா அமைச்சு. ஆனால் அமைச்சின் ஆள் தினமும் வந்து சுவரைத் தடவிப் பார்க்க முடியுமா?

சரி, புகாருக்கு வருவோம். தொலைபேசியில் பொத்தானை அழுத்தினேன். மிக இனிமையான குரல், உடனே ஆள் அனுப்புகிறோம் என்றது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு இளைஞர் வந்தார், கையில் வாசனைத் தெளிப்பான் டப்பா. நாலு மூலையிலும் அடித்தார். குளிர்சாதனத்தை 16க்கு இறக்கினார். "பதினாறுல போட்டா இன்னும்தான் வேர்க்கும்" என்று அம்மா மலாயில் சொன்னதும் அவர் அசடு வழிந்து 24க்கு ஏற்றிவிட்டுப் போனார். மாற்று அறை காட்டினார்கள். புகைபிடிக்கத் தடை என்ற பலகைக்குக் கீழே சிகரெட் வாடை. பழைய அறையே போதும் என்று திரும்பினோம். நீச்சல்குளத்தில் பராமரிப்பு வேலை, மன்னிக்கவும். கீழே விருந்து மண்டபத்தில் ஏதோ கம்பெனியின் ஆண்டு விருந்து, நள்ளிரவு வரை கராவோக்கே. அம்மா கைலி விரித்த தலையணையில் படுத்ததும் தூங்கிவிட்டார். நான் மூன்று தலைமுறை காதல் பாட்டுகளையும் கேட்டு முடித்தேன்.

விடியற்காலையில் கண் விழித்தால் பக்கத்துக் கட்டில் காலி. விரிப்பு இழுத்து விட்டு, மூலை செருகி, யாரும் படுக்காத மாதிரி இருந்தது. பதறிக் கீழே போனேன். அம்மா வாசல் வளைவில் நின்று, பெட்டி தூக்கும் சீருடைக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய தமிழர், சுங்கை பட்டாணியில் பிறந்தவராம். அதற்குள் சொந்த ஊர், பிள்ளைகள், முட்டிவலி வரைக்கும் போயிருந்தது பேச்சு.

"பாயிண்டெல்லாம் எப்படி வருது தம்பி?" என்று அம்மா கேட்டார்.

அவருக்கு ஆச்சரியம். "அக்கா நீங்க லைன்ல இருந்தவங்களா?"

வெளியாட்களுக்குப் புரியாத கேள்வி அது. பில்லில் நாம் கட்டும் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் அரசாங்கத்துக்குப் போவதில்லை. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள ஹோட்டல்களில் அது ஒன்றாகச் சேர்ந்து, மாதக் கடைசியில் ஊழியர்களுக்குப் பாயிண்ட் கணக்கில் பிரிக்கப்படும். வேலைக்குத் தகுந்த பாயிண்ட். அடிப்படைச் சம்பளம் கொஞ்சமாக இருந்த காலத்தில் குடும்பம் ஓடியது இந்தப் பணத்தில்தான். அம்மாவின் கல்யாண வளையல் இரண்டும் டிசம்பர் மாதப் பாயிண்டில் வந்தவை. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்த பிறகு, இந்தச் சேவைக் கட்டணத்தை எடுத்தே சம்பளத்தை நிரப்பிக் காட்டலாமா என்று முதலாளிகளுக்கும் சங்கத்துக்கும் பெரிய வழக்கு நடந்தது. கூடாது, அது ஊழியர்களின் பணம் என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

"வருதுக்கா. அத நம்பித்தானே இருக்கோம்" என்றார் அவர். "ஆனா ரூம் ஓடணுமே. ரூம் ஓடினாத்தான் பாயிண்ட்."

"ரூம் பொண்ணுங்க?"

"கான்ட்ராக்ட்டு. அவங்களுக்கு இதெல்லாம் கிடையாது. பழைய ஆளுங்க கோவிட்ல போனவங்க போனவங்கதான்." 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் பல மாடிகளை மொத்தமாகப் பூட்டிவைத்தார்களாம். மின்சாரச் செலவு மிச்சம். குளிர்சாதனம் ஓடாமல், ஜன்னல் திறக்காமல் மாதக் கணக்கில் கிடந்த அறைகள். திறந்தபோது சுவர்த்தாளை மாற்றவில்லை, முகப்புக்கூடத்தைத்தான் புதுப்பித்தார்கள். ராத்திரிக்கு மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே ஒரு டெக்னீசியன். "நேத்து உங்க ரூமுக்கு வந்தானே, அவந்தான். பாவம், பத்து மாடிக்கும் அந்த ஒரு டப்பாவோட அலையறான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். நேற்று இரவு முழுக்க மனசுக்குள் ஒரு காரசாரமான புகார்க் கடிதம் எழுதி வைத்திருந்தேன். அதில் அந்த இளைஞர் மூன்று வரிக்கு வருகிறார்.

பசியாறப் போனோம். அறை வாடகையில் சேர்ந்தது என்பதால் விட மனசில்லை. தோசைக்குத் தனி மேடை, வெள்ளைத் தொப்பி, எல்லாம் இருந்தது. மாவு புளிக்கவே இல்லை. கல்லில் ஊற்றியதும் வெளுத்துப் போய் ஓரம் மட்டும் பிசின் மாதிரி இழுத்தது. சாம்பாரில் சர்க்கரை. ஆரஞ்சுச் சாறு என்பது பாட்டிலில் வாங்கிக் கலக்கிய கலர் தண்ணீர். அம்மா ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு, "எழுந்திரு லா, டிரான்ஸ்ஃபர் ரோட்ல போய் ரொட்டி சானாய் சாப்பிடலாம்" என்றார். போனோம். சாலையோர மேசை, மீன் குழம்பு, தே தாரிக். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆன செலவைச் சொன்னால் ஹோட்டல்காரர் மனம் புண்படும்.

அறையைக் காலி செய்யும்போதுதான் அம்மா பில்லைப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எழுநூத்தி அம்பத்தெட்டு வாங்குறாங்க, வாரம் ஒரு வாளித் தண்ணி ஊத்த ஆளு வைக்கலையா" என்று மட்டும் சொன்னார். இரவுப்பணி மேலாளர் போய்ப் பகல் மேலாளர் வந்திருந்தார், சின்ன வயசு, கச்சிதமான கோட்டு. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து குறித்துக்கொண்டே, எந்த ஊழியர் அறையைச் சுத்தம் செய்தது என்று பார்ப்பதாகச் சொன்னார். அம்மா குறுக்கே விழுந்தார்.

"அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் போடாதீங்க. அவ வேலைய அவ ஒழுங்காச் செஞ்சிருக்கா. ஓட்டைக்குத் தண்ணி ஊத்துறது பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. சுவர யாரு பாக்கறாங்கன்னு பாருங்க." இதை மலாயில் சொன்னார், நிறுத்தி நிறுத்தி, சூப்பர்வைசர் குரலில். அவர் தலையாட்டினார். எழுத்தில் அனுப்புங்கள் மேடம், கண்டிப்பாகக் கவனிக்கிறோம் என்றார்.

எழுத்திலும் அனுப்பினோம். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். என் பழைய காரசாரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடல் கீற்று பற்றிய ஒரு வரியை மட்டும் அழாத குறையாகக் கெஞ்சிச் சேர்த்தேன். மற்றதெல்லாம் அம்மா கணக்கு. தரை வடிகாலுக்கு வாரம் ஒரு முறை தண்ணீர். ஜன்னல் சுவரில் தாளை உரித்துவிட்டுச் சாயம். குளிர்சாதனத் தண்ணீர்த் தட்டு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரைவிரிப்பை எடுத்துவிட்டு ஓடு. அறையைச் சுத்தம் செய்தவர் நன்றாகச் செய்திருக்கிறார், கட்டில் மூலை மடிப்பு முதல் தரம் என்று தனியாக ஒரு பத்தி.

பதில் வந்தது. எங்கள் கருத்துக்கு நன்றி, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். துப்புரவுப் பிரிவினரிடம் இது குறித்துக் கடுமையாகப் பேசப்பட்டிருக்கிறது, அவர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப்படும். அடுத்த முறை தங்கும்போது இருபது விழுக்காடு தள்ளுபடி.

படித்துக் காட்டியதும் அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! சாக்கடை நாற்றத்துக்கு வராத கோபம், கராவோக்கேக்கு வராத கோபம். "நான் என்ன எழுதச் சொன்னேன், இவனுங்க என்ன படிச்சிருக்கானுங்க!" என்று வீட்டுக்குள்ளேயே நடந்தார். அந்த அறையைச் செய்த பெண்ணை நாங்கள் பார்க்கவே இல்லை. பெயர் தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது. அவளுக்கு யார் என்ன சொன்னார்களோ, சம்பளத்தில் பிடித்தார்களோ என்று அன்றைக்குச் சாப்பிடும்போதும் அதே பேச்சு.

இரண்டாவது கடிதத்தையும் அனுப்பியாயிற்று. இந்த முறை பொது மேலாளர் பெயருக்கு. முதல் வரியே அம்மா சொன்னபடி: இது துப்புரவுப் பிரிவின் மீதான புகார் அல்ல. வாசல் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது என்பதும் அம்மா உத்தரவுதான். நல்லவிதமாக எழுதினாலும் யாரோடு பேசினாய் என்று அவரைக் கேட்பார்களாம். அதற்கு இன்னும் பதில் இல்லை. தள்ளுபடிச் சீட்டு மட்டும் தனி மின்னஞ்சலில் வந்து கிடக்கிறது: ஆண்டு இறுதிக்குள் பயன்படுத்த வேண்டும், பொது விடுமுறைக்கும் பள்ளி விடுமுறைக்கும் செல்லாது, விலையில் கூட்டல் குறிகள் சேரவில்லை.